நான்கு ஆசிரியர்கள் எழுதிய திறந்த மடல்

இந்தியாவில் பாலியல் வன்முறைக்கு எதிராகப் பெண்கள் நடத்திய போராட்டங்களின் வரலாற்றை எழுதுவோர், பம்பாயிலும் டெல்லியிலும் பிற நகரங்களிலும் பெண்கள் அமைப்புகள் பதாகைகளோடு தெருவில் இறங்கிய 1980ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாளை ஒரு திருப்புமுனையாகக் குறிப்பது வழக்கம். அந்த ஊர்வலங்களுக்கு வித்திட்டது ஒரு கடிதம் என்பதும், அக்கடிதம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை வரிவரியாக வாசித்ததிலிருந்து பிறந்தது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய இவ்வுரை அக்கடிதத்தின் அருகே சற்று நெடுநேரம் நிற்கவிருக்கிறது. அதன் பின்னர் வந்த சட்டங்களும் வழக்குகளும் எஞ்சிய நேரத்தில் அடங்கும் அளவுக்கே சொல்லப்படும் என்பதை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சட்ட ஏடுகளில் 'துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு' என்று பதிவாகியிருப்பதும், மக்கள் வழக்கில் 'மதுரா வழக்கு' என்று நிலைத்துவிட்டதுமான அந்த வழக்கு, 1972ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் இரவு, அன்றைய சந்திரப்பூர் மாவட்டத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நடந்த நிகழ்வைப் பற்றியது. கூலி வேலை செய்து பிழைத்த மதுரா என்னும் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, தன் குடும்பத்தார் கொடுத்த ஒரு புகாரின் பேரில் விசாரணைக்காக அங்கே அழைத்துவரப்பட்டாள். அவள் வயது பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்டது. வாக்குமூலம் எழுதி முடித்து எல்லோரும் கிளம்பும் வேளையில் அவளை மட்டும் நிறுத்திவைத்த காவலர் ஒருவர் அவளை வல்லுறவுக்கு உட்படுத்தினார் என்பதும், உடனிருந்த தலைமைக் காவலர் அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்பதும் குற்றச்சாட்டு. உறவினர்கள் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன, கதவு சாத்தப்பட்டிருந்தது.

இவ்வழக்கில் மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாகப் பேசின. 1974இல் தீர்ப்பளித்த அமர்வு நீதிமன்றம், அச்சிறுமி முன்பே உடலுறவுக்குப் பழகியவள் என்ற மருத்துவக் குறிப்பை முன்னிறுத்தி, நடந்தது உடலுறவே, வல்லுறவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி இருவரையும் விடுவித்தது. 1976இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு அதைத் திருப்பிப் போட்டது: முன்பின் அறியாத காவலர்களிடம் ஒரு சிறுமி தானாக இணங்கியிருப்பாள் என்று கொள்ள இடமில்லை, அச்சத்தால் செயலற்றுப் பணிவதைச் சம்மதமாகக் கருத முடியாது என்று அது கண்டு, காவலருக்கு 5 ஆண்டும் தலைமைக் காவலருக்கு ஓராண்டும் சிறைத்தண்டனை விதித்தது. 1978 செப்டம்பர் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அத்தண்டனைகளை நீக்கினார்கள். உடலில் காயத்தின் அடையாளம் ஏதுமில்லை, கூச்சல் எழுப்பப்பட்டதற்குச் சான்றில்லை, கொலைக்கோ காயத்துக்கோ அஞ்சி இணங்கினாள் என்று காட்டப்படவில்லை, ஆகவே எதிர்ப்பு இருந்தது என்ற கூற்றை ஏற்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வெளிவந்து ஓராண்டு பெரிய சலனம் இல்லாமலே கடந்தது. 1979 செப்டம்பர் 16ஆம் நாளிட்ட திறந்த மடல் ஒன்று இந்தியத் தலைமை நீதிபதியின் பெயருக்கு எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் நால்வர். நால்வரும் சட்டம் கற்பித்தவர்கள். இவர்களுள் லோத்திகா சர்க்காரைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும்: டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் பெண் ஆசிரியராக விளங்கிய அவர், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்து 1974இல் அறிக்கை பெற்ற குழுவின் உறுப்பினராகவும் இருந்தவர். நாடெங்கிலும் பெண்களின் நிலையை எண்களாகவும் சாட்சியங்களாகவும் கண்டிருந்த ஒருவரின் கை அம்மடலில் இருந்தது என்பதை மறந்துவிட்டு அதன் சினத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

தேர்வு விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரைப் போல அந்நால்வரும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கையில் எடுத்து, எந்த வரியில் தருக்கம் வழுவியது, எந்த வரியில் ஒரு முன்முடிவு சான்றைப் போல வேடமிட்டு நுழைந்தது என்று குறித்துக்கொண்டே போனார்கள். சம்மதம், பணிதல் என்ற இரண்டையும் அவர்கள் முதலில் பிரித்தார்கள். சம்மதம் என்பது ஒருவர் தம் விருப்பத்தால் அளிப்பது; பணிதல் என்பது வேறு வழியின்மையால் நேர்வது. சம்மதித்தவரின் நடத்தையில் பணிவு காணப்படலாம். அதற்காகப் பணிந்தவர் எல்லோரும் சம்மதித்தவர் ஆகிவிடுவதில்லை. உயர் நீதிமன்றம் கண்டுகொண்ட இந்த எளிய வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் ஏன் கைவிட்டது என்று மடல் கேட்டது.

அடுத்த கேள்வி இடத்தைப் பற்றியது, மடலின் மிகக் கூர்மையான பகுதியும் அதுதான். எழுத்தறிவற்ற கூலித்தொழிலாளியான ஒரு பழங்குடிச் சிறுமி, இரவு நேரத்தில், பூட்டிய காவல் நிலையத்துக்குள், சீருடை அணிந்த இருவர் முன் நிற்கிறாள். அவள் யாரிடம் கூச்சலிட வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்த்தது? ஊரில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய இடமே காவல் நிலையம்தான் அல்லவா! பெண்களைச் சாட்சிகளாக விசாரிக்கும்போது அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு அப்போதே விதித்திருந்தது. நந்தினி சத்பதி வழக்கில் அதே 1978ஆம் ஆண்டில் அதே உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்ததைக் கண்டித்தும் இருந்தது. முன்னாள் முதலமைச்சர் ஒருவருக்காக எழுந்த அக்கண்டனக் குரல் இச்சிறுமிக்காக ஒரு வரியில்கூட எழவில்லை என்பதை மடல் சுட்டிக்காட்டியபோது, பாலின ஒடுக்குமுறையும் வர்க்கமும் பழங்குடி அடையாளமும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் தோளில் ஏறியிருந்ததை அது காட்டிவிட்டது. பெண்ணியத்தைப் படித்த நகரத்துப் பெண்களின் அக்கறை என்று ஒதுக்குவோர் அடிக்கடி காணாமல் விடுவது இந்தப் பகுதியைத்தான்.

மணத்துக்கு முந்தைய உறவு பற்றிய குறிப்பையும் மடல் விட்டுவைக்கவில்லை. அவள் யாரோடு பழகினாள் என்பது காவலரின் குற்றத்தோடு எவ்வகையில் தொடர்புடையது, அவளுக்கு ஒரு காதலன் இருந்தான் என்பதே அவள்மீது கைவைக்கக் காவலருக்கு உரிமம் ஆகிவிடுமா என்ற வினாவை எழுப்பி, வழக்கைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று மீண்டும் கேட்க வேண்டும் என்று நால்வரும் வேண்டினார்கள். அவ்வேண்டுகோள் பலிக்கவில்லை, இருவரின் விடுதலை அப்படியே நின்றது. நேயர்கள் இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: அவள் பெயரால் நாட்டின் சட்டம் மாறியது, அவளுடைய வழக்கின் முடிவு மாறவே இல்லை.

மடல் கைமாறிக் கைமாறிப் பரவியது. பம்பாயில் வல்லுறவு எதிர்ப்பு மன்றம் 1980இல் உருவாயிற்று; பின்னர் பெண்கள் ஒடுக்குமுறை எதிர்ப்பு மன்றம் என்று அது பெயர் மாற்றிக்கொண்டது. ஹைதராபாத்தில் 1978இல் காவல் நிலையத்தில் ஒரு பெண் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டு, அவர் கணவர் அடித்துக் கொல்லப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பு இன்னும் ஆறாதிருந்தது. 1980 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்தில் காவலர்கள் ஒரு பெண்ணுக்குப் பொதுவீதியில் இழைத்த கொடுமையும் சேர்ந்துகொண்டது. காப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர்களிடமிருந்து பெண்களைக் காப்பது யார் என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை சென்றது. சட்ட ஆணையத்தின் 84ஆம் அறிக்கை 1980இல் வந்தது. குற்றவியல் சட்டத் திருத்தம் 1983இல் நிறைவேறியது.

அத்திருத்தத்தின் உயிர்நாடி, சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114அ என்னும் பிரிவு. பொதுவாக ஒரு குற்ற வழக்கில் எல்லாவற்றையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பின்மீதே இருக்கும். வல்லுறவு வழக்கில் சம்மதம் இல்லை என்பதையும் அதுவே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று மெய்ப்பிப்பது எப்படி? அதனால்தான் காயமும் கூச்சலும் தேடப்பட்டன. புதிய பிரிவின்படி, காவலர், அரசு ஊழியர், சிறை அல்லது மருத்துவமனை ஊழியர் போன்றோர் தம் அதிகாரத்தின்கீழ் உள்ள பெண்ணிடம் உடலுறவு கொண்டது மெய்ப்பிக்கப்பட்டு, தாம் சம்மதிக்கவில்லை என்று அப்பெண் நீதிமன்றத்தில் கூறினால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும். கூட்டு வல்லுறவு வழக்குக்கும் இது பொருந்தும். அத்தகைய குற்றங்களுக்கு 10 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையும், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதற்குத் தடையும் அப்போது வந்தவையே.

இவற்றைப் பெண்கள் இயக்கத்தின் முழு வெற்றியாகக் கொண்டாடுவதற்கு இயக்கத்துக்குள்ளிருந்தே மறுப்பு எழுந்தது. 1980களில் இயற்றப்பட்ட சட்டங்களை மீளாய்வு செய்து வழக்குரைஞர் ஃபிளேவியா ஆக்னஸ் 1992இல் எழுதிய கட்டுரை, தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவது அரசின் கையை வலுப்படுத்துமே தவிர, நீதிமன்றம் ஏறும் பெண்ணின் நிலையை அதனளவில் மாற்றிவிடாது என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பொருந்தியது என்றே சொல்ல வேண்டும். வழக்குத் தொடுத்த பெண் ஒழுக்கமற்றவர் என்று காட்டி அவர் சாட்சியத்தைக் குலைக்க இடமளித்த சாட்சியச் சட்டத்தின் 155(4) பிரிவு 1983இல் தப்பிப் பிழைத்தது. 2002ஆம் ஆண்டின் திருத்தம் வரை அது ஏட்டில் இருந்தது. பெண்ணின் உடலை மருத்துவர் விரலால் சோதித்து அவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று எழுதும் முறை அதன் பின்னும் நீடித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது, 2022இல் இன்னும் கடுமையாகத் தடுத்தது. ஒரே வழக்கத்தை இருமுறை தடுக்க நேர்ந்தது என்றால் மருத்துவமனைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு வாச்சாத்தியைச் சொல்லாமல் நகர முடியாது. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அப்பழங்குடிக் கிராமத்துக்குள் 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். இத்தகைய வழக்குகளில் புகார் ஏன் உடனே தரப்படவில்லை என்று கேட்கப்படுவது வழக்கம். தேசாய்கஞ்சில் கூச்சல் ஏன் எழவில்லை என்று கேட்டதற்கும் இதற்கும் வேறுபாடில்லை, ஏனெனில் புகாரைப் பெற வேண்டியவர்களே குற்றம் சாட்டப்பட்டவர்களாக இருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் துணைநிற்க, அப்பெண்கள் ஆண்டுக்கணக்கில் தம் சாட்சியத்திலிருந்து விலகாமல் நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுள் 17 பேர்மீது வல்லுறவுக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே நாளில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ஒரு சிறுமியின் சொல் 1978இல் செல்லாமற்போன நாட்டில், கூலி வேலைக்குப் போகும் பழங்குடிப் பெண்களின் சொல் மூன்று அரசுத் துறைகளுக்கு எதிராக நின்று வென்றது. ஆனால் அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்ட பன்வாரி தேவியின் போராட்டத்தையும், அதை ஒட்டிப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1997இல் வகுத்த விசாகா நெறிமுறைகளையும் விரித்துரைக்க நேரம் இடந்தரவில்லை. அதற்குத் தனி உரையே வேண்டும். டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு வந்த 2013ஆம் ஆண்டின் திருத்தம், சம்மதம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தன்விருப்பத்தால் தெரிவிக்கப்படும் இணக்கம் என்று வரையறுத்து, உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதித்ததாகக் கொள்ளலாகாது என்றும் சேர்த்தது. நால்வர் மடல் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அவ்விளக்கம் தொடர்கிறது. அதே பிரிவில், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு வல்லுறவாகாது என்ற விதிவிலக்கும் தொடர்கிறது; அதன் செல்லுந்தன்மை குறித்து டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022இல் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்ததால் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாயிலுக்குச் சென்றது. இனி இப்பொருள் பற்றி இந்த ஒலிவாங்கியின் முன் பேச வருபவருக்கு, அந்த விதிவிலக்கை இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகும் வாய்ப்புக் கிட்டட்டும்.