பட்டமும் கைவேலையும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் மலையிலே ஓடுகிற பெர்த்தாம் ஆறு உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து ஜோருக்கு இறக்கி, 1963 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். 2016-இல் உலு ஜெலாய் நிலையமும் வந்தது. அதன் திறன் 372 மெகாவாட். ஆற்றுத் தண்ணீரும் சூரிய வெளிச்சமும் எடுக்க எடுக்கத் தீராதவை. 2050-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு இவ்வகையாக இருக்க வேண்டும் என்று 2023-இல் அரசாங்கம் இலக்கு வைத்தது.

"அப்படின்னா வேலை கொட்டிக் கிடக்குமே!" என்று நானும் நம்பினேன். என் அண்ணன் மகள் இந்தத் துறையில் பட்டம் வாங்கினாள். அண்ணி கொழுந்து எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "அனுபவம் எத்தனை வருசம்?" வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இன்று காய்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் தம்பி என்னிடம், "அக்காவே இப்படின்னா, நான் எதுக்குப் படிக்கணும் சித்தப்பா?" என்றான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

விசாரித்துப் பார்த்தேன். அணை கட்டும்போதும் சூரியத் தகடு பொருத்தும்போதும் நிறைய ஆள் வேண்டும். வேலை முடிந்ததும் சிலர் போதும். அந்தச் சிலரும் கைவேலை தெரிந்தவராக, அதற்கான சான்றிதழ் உள்ளவராக இருக்க வேண்டும். வயர்மேன், சார்ஜ்மேன் சான்றிதழை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. 2011-இல் அமைந்த சேடா என்ற அரசு நிறுவனம் சூரிய மின்சாரப் பயிற்சிக்கு வழி செய்கிறது. பட்டம் வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே போகக் கைவேலையும் வேண்டும்.

பெற்றோர்களே, வேலை கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, "படிச்சு என்னத்தைக் கண்டே?" என்று கேட்காதீர்கள். குற்றம் பிள்ளை மேல் இல்லை. தொழில் நடத்தும் பெரியோர்களே, ஒரு பிள்ளையையாவது பயிற்சிக்கு எடுங்கள். மாணவர்களே, புத்தகத்தோடு திருப்புளியும் பிடிக்கப் பழகுங்கள்.

என் அண்ணன் மகள் வயர்மேன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். தம்பியும் பள்ளிக்குப் போகிறான்.