கணவாயை மேஜையில் வைத்த கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிடையர் ஆகிட்டு என்னய்யா பண்றே?" என்று வாசலிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "ரயில் விட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். உண்மையைத்தான் சொன்னேன். என் வீட்டு மாடியில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் மேஜை. அதன் மேல் ஆண்டிபட்டி கணவாய். அதற்குள் ஒரு மீட்டர் கேஜ் ரயில்.

நம்மில் பலர் போடி பாசஞ்சரில் வந்து படித்தவர்கள். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை சமவெளி. அதைத் தாண்டினால் மலை குறுக்கே நிற்கும். பாறையை வெட்டிய வழியில் வண்டி நுழையும். 1928-ல் போட்ட பாதை அது. உலகப் போர் சமயம் 1942-ல் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 டிசம்பர் இறுதியில் நிறுத்தினார்கள். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பி வந்தது. நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அகலப் பாதைக்காகக் கணவாய்ப் பாறையை உடைத்து விரித்துவிட்டார்கள். நாம் பார்த்த பழைய வெட்டு இன்று இல்லை.

அதைத்தான் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். 87-ல் ஒரு பங்கு அளவு. ஒரு மீட்டர் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும். மதுரை – போடி 90 கிலோமீட்டரை அப்படியே செய்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேஜை வேண்டும்! என் எட்டடியில் 212 மீட்டர்தான் அடங்கும். அதனால் பாறை வெட்டு மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

தெர்மோகோலை அடுக்கி அறுத்து, மேலே மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்தினேன். காய்ந்த துளசிக் குச்சிகள் மரமாயின. மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றித் தூவினேன். உசிலம்பட்டி நண்பர் வந்து பார்த்துவிட்டு, "டேய், இது கொடைக்கானல் மலைடா! நம்ம மலை எப்படா இவ்வளவு பச்சையா இருந்துச்சு?" என்றார். சுரண்டிவிட்டு செம்மண் நிறம் அடித்தேன்.

அடுத்த அடிதான் பலமான அடி. அதே நண்பர் பெட்டியைக் குடைந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்தார். 1981-ல் நாங்கள் கணவாயில் இறங்கி எடுத்தது. பாறையும் அதன் காலடியில் தண்டவாளமும் தெரிகின்றன. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். அதைவிட நல்ல அளவுகோல் வேறு வேண்டுமா? அதை வைத்து, அதே தூரத்தில் இருந்த பாறையை அளந்தேன். நான் ஒன்றரை அடிக்கு எழுப்பிய சுவரில் பாதிகூட வரவில்லை.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்க அப்பா அந்தப் பாதையில் கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தண்டவாளத்தோடு நடப்பார். எட்டு வயதில் தூக்குவாளியில் அவருக்குச் சோறு கொண்டுபோய், அந்த நிழலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த பாறையைத்தான் நான் கட்டி வைத்திருக்கிறேன்!

ஆறு மாத வேலை. மறுநாள் காலையில் ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டேன். அப்புறம் களிமண்ணில் ஒரு ஆள் செய்தேன். இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தோளில் சுத்தியல். பாறையடியில் நிறுத்திவிட்டு, மேஜை மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தேன். பாறை மறுபடி பழைய உயரத்துக்கு வந்துவிட்டது.

அமெரிக்காவில் கொலராடோவின் பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே ஓடிய குறுகிய ரயில் பாதையை 1949-ல் கைவிட்டார்கள். அதையும் மேஜையில் செய்து ஓட்டுகிறார்கள். அவர்களுக்குப் படங்கள் மிஞ்சியிருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரே ஒரு படம். கணவாயின் மறுபக்கச் சுவர் இன்னும் வெறும் தெர்மோகோலாக நிற்கிறது.

நண்பர்களே, பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிகளைத் தயவுசெய்து ஒருமுறை திறந்து பாருங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் ஊர்க் கிணறு, சத்திரம், ஸ்டேஷன் எதுவானாலும் இன்றே படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஆளையோ அளவுக் கோலையோ நிறுத்தி எடுங்கள். பின்னால் ஒருவன் அதைத் தேடி வருவான்.