சின்ன அரங்குக்குச் சின்ன நாடகம்

(சங்கத்தின் தில்லிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறுநாடகம் எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பௌதிகம் படித்து, மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் நோட் எழுதி ஓய்வு பெற்றவன். அந்த உத்தியோகம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. மேலதிகாரி இரண்டாவது பக்கத்தைப் புரட்ட மாட்டார். சொல்ல வேண்டியதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். குறுநாடகத்துக்கும் அதுவே முதல் விதி.

தில்லிக்கும் தமிழ் நாடகத்துக்கும் உள்ள பந்தம் சாமானியமானதல்ல. 1947 ஆகஸ்ட் 15 அன்று தில்லி வானொலியில் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன் பின்னாளில் சென்னையில் சொந்தக் குழு நடத்தி, சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' நாடகத்தை தட்சிண பாரத நாடக சபா இங்கே அரங்கேற்றியது. அந்த சபாவின் நடிகர் பாரதி மணியைத்தான், 2000-ல் வந்த 'பாரதி' படத்தில் பாரதியாரின் தகப்பனாராகப் பார்த்தோம். இவர்களெல்லாம் ஆபீஸ் முடிந்து ரிகர்சலுக்குப் போனவர்கள் என்பதைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாளில் மூன்று மணி நேர நாடகம் போட முடிந்தது. கரோல் பாக்கிலும் லோதி காலனியிலும் ஆர்.கே. புரத்திலும் நம்மவர்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். இன்று ஒருவர் துவாரகாவில், ஒருவர் நொய்டாவில், ஒருவர் குர்காவில். பன்னிரண்டு பேரை ஒரே சாயங்காலம் கூட்டுவது ஆகாத காரியம். மூன்று பேரைக் கூட்டலாம். ஆகவே இருபது நிமிஷம், மூன்று பாத்திரங்கள், ஒரே இடம், இரண்டு நாற்காலி. திரை வேண்டாம், செட் வேண்டாம். ஐம்பது பேர் உட்காரும் ஹால் போதும். சிட்னியில் 2002-ல் தொடங்கிய 'ஷார்ட் ப்ளஸ் ஸ்வீட்' விழாவில் பத்தே நிமிஷ நாடகங்கள்தான். அது பிறகு நம் நாட்டுக்கும் வந்தது.

எப்படி எழுதுவது? கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லக்கூடாது. ஒரு தீர்மானம் எடுத்தே ஆக வேண்டிய கட்டத்தில் திரை விலக வேண்டும். நான் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். பெங்களூரில் இருக்கும் பிள்ளை, தில்லியிலுள்ள டி.டி.ஏ. ஃப்ளாட்டை விற்கச் சொல்கிறான். அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்கு இல்லை. வீடு வாங்குபவர் அரை மணியில் வரப்போகிறார். இவ்வளவுதான் நாடகம். பிள்ளை மேடைக்கே வருவதில்லை, டெலிபோனில்தான் இருக்கிறான்.

எழுதியதும் வேலை முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. நாலு பேரை வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையில் கடிகாரத்துடன் வாய்மூடி உட்காருங்கள். படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வசனம் பேச்சு அல்ல, கட்டுரை. கேட்பவர் எங்கே காப்பி டம்ளரைப் பார்க்கிறாரோ அங்கே நாலு வரி அதிகம். லாபரட்டரியில் ஒரே அளவை மூன்று தடவை எடுப்போம் அல்லவா? அதுபோல வேறு வேறு ஆட்களை வைத்து மூன்று தடவை படிக்க வேண்டும். என் நாடகம் இப்படித்தான் நாற்பது நிமிஷத்திலிருந்து பதினெட்டுக்கு வந்தது. வீடு ஏன் வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு பக்க வசனம் இருந்தது. படிக்க வந்த ஒரு மாமி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாவியைக் குடுத்துட்டா அப்பறம் நான் எங்க போய் கோலம் போடுவேன்?" என்றார். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு அந்த ஒரு வரியை வைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். அந்த நாடகத்தில் பக்கத்து வீட்டுப் பையனாக நடித்தவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வசனத்தை ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தான். முதல் வாரம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். மூன்றாவது வாரம், அம்மா வேஷம் போட்ட மாமி ஒரு வரியை மறந்தபோது, தானாகவே தமிழில் ஒரு கேள்வி கேட்டு அவருக்கு அடி எடுத்துக் கொடுத்தான். அது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. அவனுடைய சொந்தத் தமிழ்.

நம் பேரக்குழந்தைகள் தமிழைக் காதால் கேட்கிறார்கள், பதிலை ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ சொல்கிறார்கள். வகுப்பு வைத்தால் இரண்டு வாரம் வருவார்கள். நாடகத்தில் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. எதிரில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். பேச்சுத் தமிழ் இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேர எனக்குத் தெரிந்து இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

ஆகவே ஒவ்வொரு ஊர்க் கிளைக்கும் என் விண்ணப்பம்: வருஷாந்திரக் கூட்டத்தில் இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பிரச்னையை உங்கள் வீட்டுப் பேச்சில் எழுதுங்கள். ஒரு தாத்தா, ஒரு மாமி, ஒரு குழந்தை என்று மூன்று தலைமுறைக்கும் பங்கு கொடுங்கள். எழுதியதை மற்ற கிளைகளுக்கும் அனுப்புங்கள். அவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும்.

இருபது நிமிஷ நாடகத்தைப் பற்றி அதற்கு மேல் பேசுவது நியாயமாகாது.