தீண்டல் என்னும் மருந்து

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, கவிதை கேட்டு, கவிதையால் கூடிய நட்பைக் காத்துவரும் இவ்வட்டத்தின் விழாவில் எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு சற்றே புதுமையானது. ரெய்கி, மசாஜ் முதலியவை உடல்நலத்திற்கும் மனநலத்திற்கும் எவ்வாறு துணைபுரிகின்றன என்று பேசவேண்டுமாம். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள். வகுப்பறையில் இலக்கணமும் இலக்கியமும் சொல்பவள். இத்தலைப்பு எனக்கு ஏன் என்று விழாக் குழுவினரைக் கேட்டேன். "இரண்டும் கையால் செய்யும் வேலைதானே அம்மா, கையைப் பற்றித் தமிழ் நிறையச் சொல்லியிருக்குமே, அதைச் சொல்லுங்கள்" என்றார்கள். அந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே தொடுதலைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் ரெய்கியைப் பார்ப்போம். இது ஜப்பானியச் சொல். 'கி' என்றால் உயிராற்றல். 'ரெய்' என்பது ஆன்மாவைச் சார்ந்தது. மிக்காவோ உசுய் என்பவர் 1922ஆம் ஆண்டு கியோட்டோ நகருக்கு அருகிலுள்ள குராமா மலையில் 21 நாள் நோன்பிருந்து இம்முறையைக் கண்டதாகச் சொல்வர். அவர் மாணவர் சுஜிரோ ஹயாஷி, கடற்படையில் பணியாற்றியவர். அவரிடம் கற்றுக்கொண்டு 1930களில் இதனை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுசென்றவர் ஹவாயோ தகாதா என்னும் பெண்மணி. அவர் கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை செய்த குடியேறிகளின் மகள். கரும்பு விளையும் நம் மாவட்டத்தில் இச்செய்தியை நான் வேண்டுமென்றே நினைவூட்டுகிறேன். இன்று நகரங்களில் கட்டணம் செலுத்திப் பயிலும் இக்கலை, தோட்டக் கூலியின் மகள் ஒருத்தி வழியாகத்தான் மேலைநாடுகளுக்குச் சென்றது.

ரெய்கி செய்பவர் தம் கைகளை நோயாளியின் உடல்மேல் மெல்ல வைப்பார். சில வேளைகளில் உடலில் படாமல் சற்று மேலே பிடித்திருப்பார். கைவழியே பேராற்றல் பாய்ந்து நோயைத் தணிக்கிறது என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை மெய்தானா?

அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, ரெய்கியை ஒத்த வேறொரு கைமருத்துவ முறையை ஓர் எளிய சோதனைக்கு உட்படுத்தினாள். மருத்துவம் செய்பவர் ஓர் அட்டைத் தடுப்பின் வழியே தம் இரு கைகளையும் நீட்டவேண்டும். சிறுமி தன் கையை அவற்றுள் ஒன்றின்மேல் படாமல் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர் உணர்ந்து சொல்லவேண்டும். 21 பேர் செய்த 280 முயற்சிகளில் சரியாக வந்தவை 123. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறையப் பாதி சரியாக வந்திருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998இல் அது வெளிவந்தது. ரெய்கியார் சொல்லும் ஆற்றலையும் எந்தக் கருவியும் இதுவரை அளந்து காட்டவில்லை.

அப்படியானால் ரெய்கியால் ஆறுதல் பெற்றோம் என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. அமைதியான ஓர் அறை, மங்கிய ஒளி, தம்மேல் முழுக் கவனத்தையும் வைத்து ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர், அவருடைய இளஞ்சூடான கை: இவ்வளவும் கிடைத்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஆறுதல் மெய், அதற்குச் சொல்லப்படும் காரணமே ஐயத்திற்குரியது என்பது என் துணிபு.

என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த காலம். ரெய்கி பயின்ற தோழி ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, நான் அவர் கால்களுக்குமேல் கைகளைப் படாமல் பிடித்துக்கொண்டு கண்மூடி அமர்ந்திருந்தேன். சற்று நேரம் பொறுத்துப் பார்த்த அம்மா, வாய் குழறியபடியே, "ஏண்டி, பட்டும் படாம வெச்சிருக்கிற? நான் என்ன சுடவா செய்யறேன்? நல்லா அமுக்கிவிடு" என்றார். நான் நல்லெண்ணெயை எடுத்துவந்து காலை நீவிவிட்டேன். நோய் போய்விடவில்லை. ஆனால் அன்றிரவு அம்மா உறங்கினார். அன்றுதான் இப்பொருளில் எனக்குத் தெளிவு பிறந்தது.

நீவிவிடுதல், உருவிவிடுதல், பிடித்துவிடுதல், அமுக்கிவிடுதல், கோதிவிடுதல், தடவிக்கொடுத்தல், தட்டிக்கொடுத்தல் எனத் தமிழில் எத்தனை சொற்கள்! இலக்கணம் கற்பிப்பவளுக்கு இதில் ஒன்று கண்ணில் படுகிறது. இவற்றுக்குத் துணைவினையாக வருபவை 'விடு'வும் 'கொடு'வும். தனக்குத் தானே செய்துகொள்ளும் செயலுக்கு நாம் இப்படிச் சொல்வதில்லை. பிறர்க்குச் செய்வது என்னும் பொருள் அச்சொற்களின் அமைப்பிலேயே அமைந்துகிடக்கிறது.

சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று வகுத்துள்ளது. தொக்கு என்பது தோல். புறமருந்து முறைகள் 32இல் தொக்கணமும் ஒன்று. அது தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். வர்ம மருத்துவத்தில் 108 வர்மப் புள்ளிகளைச் சொல்வர். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். ஒரே இடத்தில் பட்டால் உயிருக்கு ஊறு. அறிந்த கை தொட்டால் இளக்கம். 'மசாஜ்' என்னும் சொல் வருவதற்கு முன்பே நமக்கு ஒரு முழுக் கலை இருந்தது.

இக்கால அறிவியலும் தொடுதலை மதிக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் டிஃப்பனி ஃபீல்டு என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் குறைமாதக் குழந்தைகள் 40 பேரை ஆராய்ந்து 1986இல் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம், பத்து நாள் தடவிக்கொடுத்த குழந்தைகள் மற்றவர்களைவிட நாள்தோறும் 47 விழுக்காடு கூடுதலாக எடை ஏறினர்; ஆறு நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். தொடுதலை உணரும் உயிரணு வாயில்களைக் கண்டறிந்தமைக்காக ஆர்டெம் படபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெல்லத் தடவுவதை மட்டுமே சிறப்பாக உணரும் நரம்பிழைகள் நம் தோலில் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் அளவு கை நகரும்போது அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. குழந்தையைத் தூங்கவைக்கும் தாயின் கை, யாரும் அளந்து சொல்லாமலேயே ஏறத்தாழ அவ்வேகத்தில் நகர்கிறது.

இங்கே எச்சரிக்கையும் தேவை. பிறந்த குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மார்பைப் பிதுக்குவதும் தீங்கானவை. அவற்றை நம் பாட்டிமார் அன்பினால்தான் செய்தார்கள். எனினும் விட்டுவிட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் நீவக்கூடாது; உள்ளே உறைந்த குருதி பெயர்ந்து நுரையீரலை அடையக்கூடும். எலும்பு முறிவு, காய்ச்சல், ஆறாத புண் உள்ள இடங்களிலும் கைவைத்தல் ஆகாது. புற்றுநோய்க்கும் மனச்சோர்வுக்கும் மருத்துவரிடம் செல்வதை விட்டுவிட்டு ரெய்கியை நம்பியிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டிருக்கிறது. கைமருத்துவம் அதற்குத் துணை, மாற்று அன்று. இன்னொன்று: கேட்டுக்கொண்டு தொடுவதே தொடுதல். விரும்பாதவர் உடல்மேல் படும் கை, எப்பெயரில் வந்தாலும், வன்முறையே. பெண்களும் குழந்தைகளும் இதை வாய்விட்டுச் சொல்லும் துணிவைப் பெறவேண்டும்.

அன்பர்களே, இதுவரை சொன்னவை முன்னுரை. இத்தலைப்பை ஏற்றபோது என் மனத்தை உறுத்திய செய்தி வேறு.

உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் தொல்காப்பியர், ஓரறிவு உயிருக்கு உரிய அந்த ஓர் அறிவு தொடுவுணர்வே என்கிறார். புல்லுக்கும் மரத்துக்கும் உரியது அது. எல்லா அறிவுக்கும் அடிப்படை அது. வள்ளுவர் மக்கட்பேற்றைச் சொல்லும்போது, குழந்தையின் உடல் படுவது பெற்றோர் உடலுக்கு இன்பம் என்கிறார். அங்கே அவர் ஆண்ட சொல் 'தீண்டல்'. அழகிய சொல். அந்தச் சொல்லோடு ஓர் எதிர்மறையைச் சேர்த்து நாம் என்ன செய்தோம்? 'தீண்டாமை' என்று ஒரு சொல்லை ஆக்கினோம். மகிழ்ச்சிக்குரிய சொல்லை இழிவின் சொல்லாக்கினோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை ஒழித்துவிட்டதாக அறிவித்தது. ஏட்டில் ஒழிந்தது.

நம் ஊர்களில் தொட்டுக் குணப்படுத்தும் கலையைக் காத்தவர் யாவர்? முடிதிருத்தும் தொழிலோடு மருத்துவமும் செய்த சமூகத்தார். அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகள். சுளுக்கு எடுத்தவர் அவர். பிள்ளைப்பேறு பார்த்தவள் அவள். ஊரில் பிறந்த குழந்தைகளை உலகில் முதன்முதல் தொட்ட கை அவளுடையது. அக்குழந்தை வளர்ந்து ஆளானதும் அவளை வாசற்படிக்குக் கீழே நிற்கவைத்தது. கூலியாக நெல்லை அளந்து மேலிருந்து கொட்டியது. தொடும் கலை அறிந்தவரைத் தொடத் தகாதவர் என்று ஒதுக்கிவைத்த முரண்பாடு வேறெங்கேனும் உண்டா? ஜப்பானை எண்ணிப் பார்க்கிறேன். ரெய்கி தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், சுகியாமா வாய்ச்சி என்னும் பார்வையற்ற மருத்துவர் பார்வையற்றோருக்கு ஊசிமருத்துவமும் நீவுகலையும் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். அரசு துணைநின்றது. அங்கே கைத்திறன் கல்வியாயிற்று. இங்கே அது சாதியாயிற்று. சித்த மருத்துவராய் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் சாதியை எதிர்த்து எழுதியதில் வியப்பில்லை. நாடி பிடிக்கும் கைக்கு உடல்களில் வேற்றுமை தெரியாது.

நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அன்றாடக் கூலியர். சாராயத்தின் பின்னணி வேறு, குற்றவாளிகள் வேறு. நீவிவிட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் பேதைமை எனக்கில்லை. எனினும் மூட்டை தூக்கியவரையும் கரும்பு வெட்டியவரையும் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "உடம்பு வலிம்மா" என்பதே பெரும்பாலும் விடை. அந்த வலி மெய். அந்த உடம்புக்கு எண்ணெயும் ஓய்வும் வெந்நீரும் பரிவும் கிடைக்க நாம் என்ன வழி செய்தோம்? கல்வராயன் மலையிலிருந்து கூலிவேலைக்கு இறங்கிவரும் உழைப்பாளியின் தோளை யார் பிடித்துவிடுகிறார்கள்? நலம் பேணுதல் என்பது பணம் படைத்தவர் குளிர்வித்த அறையில் படுத்திருப்பதாக மட்டும் ஆகிவிட்டால் அதற்கு மருத்துவம் என்ற பெயர் பொருந்தாது.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். பேணுபவருக்கு மருத்துவருக்கு நிகரான இடம் தருகிறார். இன்று நம்மிடம் மருத்துவமனை இருக்கிறது, மருந்து இருக்கிறது. நான்காம் கூறு குறைந்துவருகிறது. பிள்ளைகள் வெளியூர்களில், முதியோர் தனி அறைகளில். மாதக்கணக்காக எந்தக் கையும் படாத உடல்கள் நம் தெருக்களில் எத்தனையோ உள்ளன.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது எளியது. வீட்டிலுள்ள முதியவரின் கால்களைச் சிறிது நேரம் பிடித்துவிடுங்கள். சுளுக்கு எடுப்பவர், பத்தியம் சொல்பவர், பிள்ளை குளிப்பாட்டும் மூதாட்டி இவர்களிடம் உள்ள அறிவைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களை வீட்டினுள் அழைத்து நாற்காலியில் அமர்த்திக் கேளுங்கள். பாவலர்களே, தீண்டாமையைச் சாடி நிறையப் பாடினோம். தீண்டல் என்னும் சொல்லை வள்ளுவர் வைத்த இடத்திற்கே திருப்பிக் கொண்டுசேர்க்கும் கவிதைகளையும் எழுதுங்கள்.

முடிப்பதற்கு முன் நம் மாவட்டத்துத் திருக்கோவலூரை நினைத்துக்கொள்கிறேன். மழை பெய்த ஓர் இரவில் அங்கே ஒரு குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்துகொண்டனர். பேயாழ்வார் வந்தார்; மூவரும் நின்றனர். இருளில் உடலோடு உடல் நெருங்கி நின்றபோது நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர் என்பது வரலாறு. முன்பின் அறியாத ஒருவர் வந்து கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தவர் குலம் கேட்டதாக நான் கேட்ட கதையில் இல்லை. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்து நின்றார். அவர்கள் இடம் கொடுத்தார்கள். அந்நெருக்கத்தில் தமிழ் பிறந்தது.

இவ்வட்டம் அத்தகைய இடைகழியாக இன்னும் பல்லாண்டு விளங்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.