கொய்னா மலையில் ஒரு மருந்துப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"பாதுகாப்பாக மருந்து கொடுப்பது எப்படி" என்ற தலைப்பை ஓர் இன்ஜினியரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். மருந்து என் துறை இல்லை. ஆனால் மருந்து நோயாளியின் உடம்புக்குள் போய்ச் சேருகிற வழி இருக்கிறதே, சிரிஞ்சு, டிரிப் செட், பம்பு, குழாய், அது என் தொழில். அந்த வழியில் எந்தெந்த இடத்தில் கால் வழுக்கும் என்று கொஞ்சம் தெரியும். நான் சொல்லப்போகிற அளவுகள் எல்லாம் கணக்குப் புரிவதற்கான உதாரணங்கள். வார்டில் உங்கள் டாக்டர் எழுதுவதுதான் அளவு.

உதாரணத்துக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற பாதையில் நடுவட்டம் வருகிறதல்லவா? நம்மில் பலர் அங்கே இறங்கி டீ குடித்ததோடு சரி. ஒரு காலத்தில் அந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது தேயிலை அல்ல, சிங்கோனா. நம் பாட்டிமார் "கொய்னா" என்று சொல்வார்களே, அந்த மருந்தின் மரம். 1860-ல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென் அமெரிக்காவில் அலைந்து விதையும் நாற்றும் சேகரிக்க ஏற்பாடு செய்தார். ஊட்டி அரசினர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த மெக்ஐவர் அவற்றை முதலில் தொட்டபெட்டாவிலும் பிறகு நடுவட்டத்திலும் பயிராக்கினார். காடு திருத்தச் சீனக் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். அவர்களை அடைத்து வைக்க நடுவட்டத்தில் சிறையே இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கிடைத்த கதையில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அது வேறு விஷயம், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

மரம் வளர்ந்தது. பட்டையை உரித்தார்கள். அப்புறம்தான் சிக்கல். 1866-ல் ஜான் பிராட்டன் என்ற ரசாயன நிபுணரை அரசாங்கம் நீலகிரிக்கு நியமித்தது. பட்டையைச் சோதித்து, அதில் மருந்துச் சத்து எவ்வளவு என்று சொல்வதுதான் அவர் வேலை. எதற்காக அப்படி ஒருவர் என்று கேட்டால், பட்டைக்குப் பட்டை சத்து மாறுகிறது. சிவப்புப் பட்டை மரத்தில் மொத்தச் சத்து அதிகம், ஆனால் அதில் கொய்னாவின் பங்கு குறைவு. வேறு இனத்தில் கொய்னா அதிகம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மரப்பட்டைதான். "ஒரு கரண்டி பட்டைத்தூள்" என்று சொன்னால் உள்ளே போகிற மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பட்டையில் முக்கியமான சத்துகள் நான்கு: குயினின், குயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின். 1866-ல் சென்னை மாகாணத்தில் ஒரு குழு அமைத்து, நான்கையும் தனித்தனியே காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்குமே வேலை செய்தன, சிங்கோனின் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது. நூற்று ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்ப்பக்கம் நடந்த இந்தச் சோதனையை மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். நமக்குத்தான் தெரியாது.

தங்கைகளே, அந்த நான்கு பெயர்களையும் மறுபடி ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். குயினின், குயினிடின். இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றேதான், இடவமைப்பில்தான் வித்தியாசம். ஆனால் குயினிடின் இருதயத் துடிப்பின் தாளத்தைச் சரிசெய்யும் மருந்தாகப் பெயர் பெற்றது. நடுவே ஓர் எழுத்து விட்டுப்போனால் மலேரியா மருந்து, சேர்ந்தால் இருதய மருந்து. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் பட்டியல் போட்டிருப்பார்கள். டோபமின், டோபுட்டமின் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலின் மூத்த அண்ணன் நம் நடுவட்டத்துப் பட்டையிலேயே இருக்கிறார்.

பெயருக்கு அடுத்தது அளவு. பழைய சீட்டுகளில் கொய்னாவை "கிரெய்ன்" கணக்கில் எழுதுவார்கள். ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்னுக்கும் சற்று அதிகம். அவசரத்தில் கிறுக்கிய கிரெய்னை கிராம் என்று படித்தால் பதினைந்து மடங்கு! கிரெய்ன் போய்விட்டது, மி.கி. வந்துவிட்டது, ஆனால் குழப்பம் வேறு வேஷத்தில் இருக்கிறது. குளோரோகுயின் மாத்திரையை எடுத்துக் கொள்ளுங்கள். பட்டையில் 250 மி.கி. என்று இருக்கும். அது உப்பின் எடை. அதற்குள் இருக்கும் மூலமருந்து 150 மி.கி.தான். டாக்டர் "600 மி.கி. மூலமருந்து" என்ற பொருளில் எழுதினால் நான்கு மாத்திரை. நீங்கள் 600-ஐ 250-ஆல் வகுத்தால் இரண்டரை மாத்திரைகூட வராது. இரண்டு பேர் கணக்கும் சரி, நோயாளிக்கு மருந்து பற்றாது. அதனால்தான் சொல்கிறேன், மருந்தைப் பற்றிய படிப்பு தனி, மருந்து கொடுக்கிற வேலை தனி என்று நினைக்காதீர்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். கடுமையான மலேரியாவுக்குக் கொய்னாவை டிரிப்பில் ஏற்றுவார்கள். நேராக நரம்பில் வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் விழும், இருதயம் நின்றும் போகலாம். ஆகவே மெதுவாக ஏற வேண்டும். 50 கிலோ எடையுள்ள நோயாளி, கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 500 மி.கி. கொய்னா, 500 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 125 மி.லி. உங்கள் கையில் இருப்பது மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண செட் என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட் என்றால் நிமிஷத்துக்கு 125 சொட்டு. இரண்டும் சரி. பகல் ட்யூட்டி சிஸ்டர் மைக்ரோ செட்டில் "125 சொட்டு" என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ராத்திரி குழாய் அடைத்துக் கொள்கிறது, புது செட் மாற்றுகிறார்கள், ஸ்டாக்கில் இருந்தது சாதாரண செட். சார்ட்டில் இருக்கிறபடி 125 சொட்டு வைக்கிறார்கள். இந்த வேகத்தில் முழு பாட்டிலும் 80 நிமிஷத்தில் காலி. நாலு மணி நேர மருந்து! இதில் சோம்பேறி யாரும் இல்லை, படிக்காதவர் யாரும் இல்லை. சொட்டுக் கணக்கு மட்டும் எழுதி, எந்த செட் என்று எழுதாததுதான் குறை. அதனால் சார்ட்டில் "மணிக்கு 125 மி.லி." என்று எழுதுங்கள், செட் வகையைப் பக்கத்தில் எழுதுங்கள். செட்டின் கவரில் மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சடித்திருப்பான், கவரைத் தூக்கி எறியும் முன்னால் பாருங்கள்.

கொய்னா ஏறும்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் அதிகம். நோயாளி அசந்து கிடந்தால் "காய்ச்சல் அசதி, தூங்கட்டும்" என்று விடக்கூடாது, சர்க்கரையைப் பார்க்க வேண்டும். காதில் ரீங்காரம் வரும், காது மந்தமாகும். இங்கே ஒரு சின்ன விஷயம். படுக்கை அருகே போய் "நீங்க லட்சுமியா?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காத மனுஷி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எஸ்டேட் வார்டில் ஒரே நாளில் மூன்று லட்சுமி இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. "உங்க பேர் என்னங்கம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன? எந்த லைன்?" என்று கேளுங்கள், பதில் அவர் வாயிலிருந்து வரட்டும். படுகு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரும் இருக்கிற ஜில்லா இது.

"இப்போ யாரு சார் கொய்னா ஏத்துறாங்க?" என்று ஒரு தங்கை முணுமுணுப்பது கேட்கிறது. சரியான கேள்வி. 2005-ல் இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் 1461 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு முடிவு வெளிவந்தது. கொய்னா கொடுத்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் கொடுத்தவர்களில் 15 பேர். அதற்குப் பிறகு ஆர்ட்டிசுனேட் முதலிடத்துக்கு வந்துவிட்டது, கொய்னா அது கிடைக்காத இடத்துக்கான மாற்றாகப் பின்னால் போய்விட்டது. ஆனால் மருந்து மாறினாலும் வழுக்கும் இடம் மாறவில்லை. ஆர்ட்டிசுனேட் 60 மி.கி. தூளை நரம்பு ஊசிக்குக் கரைத்தால் ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கும், தசை ஊசிக்குக் கரைத்தால் 20 மி.கி. இருக்கும். குப்பி ஒன்றுதான், தண்ணி அளவுதான் வேறே. கரைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

குன்னூருக்கும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அங்கிருந்து வந்தவர்கள் கோபித்துக் கொள்வார்கள். 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் அங்கே இருக்கிறது. நாய்க்கடி ஊசி என்றாலே தென்னிந்தியா முழுக்க அந்தப் பெயர்தான். வயிற்றைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி இப்போது இல்லை, நல்லவேளை. இன்றைய தடுப்பூசியில் கவனிக்க வேண்டியது வழி. தோலுக்குள் போட்டால் ஓர் இடத்துக்கு 0.1 மி.லி., இரண்டு இடம். தசையில் போட்டால் முழுக் குப்பி. நாள் கணக்கும் வேறே. பிட்டத்தில் போடவே கூடாது. காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினில் மனித வகை கிலோவுக்கு 20 யூனிட், குதிரை வகை 40 யூனிட். பெயர் ஒன்று, அளவு இரட்டிப்பு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. "கவனமாக இரு" என்று போர்டு எழுதி மாட்டுவதைவிட, தவறாக மாட்டவே முடியாதபடி கருவியைச் செய்துவிடுவது. மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் உட்காராது, ஊசிகளின் இடம் வேறே. ஆனால் சாதாரண சிரிஞ்சின் மூக்கு எல்லாக் குழாயிலும் பொருந்திவிடும். நரம்பில் போக வேண்டிய வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து முதுகுத்தண்டில் போய் உலகின் பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. அதற்கென்றே தனி வடிவ இணைப்புகளுக்கு சர்வதேசத் தரம் வந்தது சமீபத்தில்தான், அது எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரவில்லை. பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் அப்படித்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், கலக்காமல் தள்ளினால் இருதயம் நிற்கும். அதை ஊசிக்குத் தண்ணீர் வைக்கும் டிரேயில் வைக்காதீர்கள், வேறு அலமாரியில் பூட்டி வையுங்கள். இதற்குப் பணம் செலவே இல்லை.

கடைசியாகக் கொஞ்சம் சங்கடமான விஷயம். டாக்டர் எழுதியது புரியவில்லை என்றால் திரும்பக் கேட்க நம் பிள்ளைகளுக்குப் பயம். "சொன்னதைச் செய்ம்மா" என்ற பதில் வரும் என்று தெரியும். இந்த அரங்கில் டாக்டர்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம்தான் இதைச் சொல்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு, பனிமூட்டத்தில் போன் சிக்னல் விட்டு விட்டு வரும்போது, நீங்கள் "ஃபிஃப்டீன்" என்று சொன்னது அந்தப் பெண்ணுக்கு "ஃபிஃப்டி" என்று கேட்கும். அவள் "ஒன்று, ஐந்து, பதினைந்து மில்லிகிராம்தானே டாக்டர்?" என்று திருப்பிச் சொன்னால் எரிச்சல்படாதீர்கள். அவள் கேட்காவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். எழுதும்போது அரையை 0.5 என்று எழுதுங்கள், முன்னால் பூஜ்யம் வேண்டும். ஐந்தை 5 என்று எழுதுங்கள், 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகிவிடும். மருந்தால் ஏதாவது பக்கவிளைவு தெரிந்தால் நர்சும் நேரடியாகத் தெரிவிக்கலாம், 2010-ல் இருந்து நம் நாட்டில் அதற்கென்று மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. அதற்கு டாக்டர் கையெழுத்து தேவையில்லை.

இனி சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சொட்டு எண்ணுவதற்கு வினாடி முள் வேண்டும். பல சின்ன ஆஸ்பத்திரி வார்டுகளில் கடிகாரம் இருக்கிறது, வினாடி முள் இல்லை, அல்லது கடிகாரமே நின்றுபோயிருக்கிறது. ஆம்ப்யூலில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க ஒரு நல்ல விளக்கும், ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். இந்த மூன்றையும் நம் மாவட்டத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கும் கிராமத்து சுகாதார நிலையங்களுக்கும் சங்கத்தின் சார்பில் வாங்கித் தரலாம் என்று ஒரு தீர்மானத்தைப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு அது விவாதத்துக்கு வருகிறது. தயவுசெய்து சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள்.