பிள்ளைகளின் உடல்நலமும் நம் கடமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் உடல்நலம் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நோயுற்ற பிள்ளை பள்ளிக்கு வாராது. வாராத பிள்ளைக்கு எந்தக் கழகமும் கல்வி புகட்ட இயலாது. ஆகவேதான் இதனை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கருக்குப் பிறந்த மக்கள் ஐவர். அவர்களுள் நால்வர் இளமையிலேயே மறைந்தனர். கடைசி மகன் இராஜரத்னாவை அவர் இழந்தது 1926-இல். மறு ஆண்டு, 1927 மார்ச் 20 அன்று, மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை மக்களோடு சென்று அருந்தி, பொது நீர் நமக்கும் உரியது என நிலைநாட்டினார்.

நம்மைத் தூய்மை அறியாதவர் என இகழ்ந்தோர், கிணற்றை நமக்கு மறுத்தவர்களே. ஆதலால் நாம் பெற்றோரைக் குறைகூற வரவில்லை. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்க்குத் துணைநிற்கவே விரும்புகிறோம்.

மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் பிள்ளைகள் சோப்பிட்டு இருபது விநாடியேனும் கை கழுவட்டும். குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடிவைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் முகந்து கொடுப்போம். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்; சோகை உண்டாகும். நம் முன்னோரைச் செருப்பணிய விடாத ஊர்த்தெருக்கள் பல. நம் பிள்ளைக்கோ செருப்பு உரிமையும் ஆகும், காப்பும் ஆகும்.

வயிற்றுப்போக்கின்போது தண்ணீர் கொடுக்கலாகாது என்பது தவறான எண்ணம். உடலின் நீர் வற்றுவதே உயிருக்கு ஆபத்து. சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். அது கிடையாதபோது, கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம், அளவு மிகலாகாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டா. கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

இளைஞர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் ஐந்து வீடுகளுக்குப் பொறுப்பேற்று, இச்செய்திகளை அக்காள், தங்கை, அண்ணிமார்க்கு அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லச் செல்லும்போது அத்தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். வாராவிடில் அன்றே மனு எழுதுங்கள். கை கழுவச் சொல்லும் நாம், கழுவுதற்குரிய நீரையும் கேட்டுப் பெற்றாக வேண்டும். பழக்கமும் உரிமையும் இரண்டும் சேர்ந்தே நம் பிள்ளைகளைக் காக்கும்.