மேல் டிவிஷனுக்குப் போன மேனேஜர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலில் என் அனுபவம்" பற்றிப் பேசச் சொன்னார்கள். நேற்றிரவு விடுதி வராந்தாவில் ஒரு மணி வரை நடந்த சண்டையைச் சொல்லாமல் எனக்கு அது வராது. சண்டை, வின்சென்ட் கொம்பனி என்ற கால்பந்து மேனேஜரைப் பற்றி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2022-23ல் இங்கிலாந்தின் பர்ன்லி அணிக்கு அவர் மேனேஜர். இரண்டாம் நிலை லீக்கில் 46 ஆட்டங்களில் மூன்றே தோல்வி, 101 புள்ளி. ஏழு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே பிரீமியர் லீக் உறுதி. மேலே போன வருஷம் 38 ஆட்டங்களில் ஐந்தே வெற்றி, 24 புள்ளி. மறுபடி கீழே.

மனுஷன் கீழ் டிவிஷனுக்குத்தான் லாயக்கு என்பது என் கட்சி. கோல்கீப்பரிலிருந்தே சின்னச் சின்ன பாஸாகப் போட்டு, எதிராளியை இழுத்து, அவன் விட்டுவந்த இடத்தில் புகுவது அவர் பாணி. கீழே பந்து பறிபோனாலும் சமாளிக்க அவகாசம் உண்டு. மேலே அது கிடையாது. 2024 ஏப்ரலில் பிரைட்டனோடு ஆடும்போது, கோல்கீப்பர் காலடியில் பந்து நழுவி சொந்த வலைக்குள்ளேயே போய்விட்டது. "இதற்குப் பேர் கொள்கையா, பிடிவாதமா?" என்று மேஜையைத் தட்டினேன்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் தம்பி ஒருவர் விடவில்லை. "அண்ணே, மாட்சன், டெல்லா, ஹார்வுட்-பெல்லிஸ் எல்லாம் லோன்ல வந்தவங்க. மேலே போறப்ப அவங்க இல்ல. வாங்கினதுல நிறைய சின்னப் பசங்க. ஆளை மாத்திட்டு முறையைக் குத்தம் சொன்னா எப்படி? அதே ஆளைத்தானே 2024ல பேயர்ன் மியூனிக் கூப்பிட்டாங்க? முதல் சீசன்லயே புண்டஸ்லிகா ஜெயிச்சுக் குடுத்தாரே!"

பேயர்னில் யார் நின்றாலும் ஜெயிக்கும் என்று சமாளித்தேன். "முந்தின சீசன் மூணாவதா வந்ததும் அதே பேயர்ன்தாண்ணே" என்றார். வாய் அடைத்துவிட்டது. (பர்ன்லி 2024-25ல் ஸ்காட் பார்க்கரிடம் 16 கோல் மட்டுமே விட்டு, 100 புள்ளியோடு திரும்ப மேலே வந்தது. பாணி முற்றிலும் வேறு. புள்ளியில் ஒன்றுதான் குறைவு!)

படுத்தால் தூக்கம் வரவில்லை. யாரோ ஒரு பெல்ஜியக்காரர் மேல் எனக்கேன் இத்தனை கோபம்?

முப்பது வயதில் எனக்கும் மேல் டிவிஷன் கிடைத்தது. மூன்று நான்குமாடிக் கட்டடங்களை நாள் தவறாமல் முடித்தவன் என்று, பெரிய குடியிருப்பு வேலை ஒன்றுக்குப் பொறுப்பாளனாகப் போட்டார்கள். சின்ன சைட்டில் சிமெண்ட் மூட்டை எண்ணுவது முதல் கம்பி பில் வரை எல்லாம் நானே பார்ப்பேன். அங்கேயும் அப்படியே செய்தேன். என் கையெழுத்துக்காகக் கான்கிரீட் வண்டிகள் கேட்டில் காத்து நின்றன. பழைய ஃபோர்மேனையும் ஸ்டோர்கீப்பரையும் என்னோடு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டாம் மாதம் என்னை மாற்றிவிட்டார்கள். "உனக்குச் சின்ன சைட்தான்ப்பா சரி" என்றார் மேலதிகாரி. நேற்று கொம்பனிக்கு நான் சொன்ன தீர்ப்பும் அதேதான்!

இப்போது வேறோர் இடத்திலிருந்து பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஆனால் பில் பார்க்க ஓர் ஆள், பழைய ஃபோர்மேன், இந்த இரண்டையும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வேன். மெஸ்ஸில் இலை போட்டாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். அந்தத் தம்பி என் பக்கத்து இலையில் உட்காரட்டும். ஸ்காட் பார்க்கர் விஷயம் இன்னும் தீரவில்லை.